அம்மா பெயருக்கு ஒரு பரிசு

அந்தப் பெரிய கடையின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, பரிசுகளுக்குத் தாள் சுற்றிக் கொடுக்கிற மேசை ஒன்று உண்டு. இருபத்தெட்டு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவளை எல்லோரும் ரிப்பனக்கா என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். லிஃப்ட்காரர் முதல் மேனேஜர் வரை, வயதில் அவளைவிட மூத்தவர்கள்கூட, அக்கா என்றுதான் சொன்னார்கள்.

தாள் சுற்றுவதில் அப்படி என்ன வித்தை என்று கேட்பவர்கள் அவள் கையை ஒரு தடவை பார்க்க வேண்டும். தாளின் வெட்டிய ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடிப்பாள். அந்த மடிப்பு பெட்டியின் அடி விளிம்பில் கச்சிதமாக வந்து விழும். ஒட்டும் டேப் மடிப்புக்குள்ளேயே போய்விடும். பெட்டியை எப்படித் திருப்பினாலும் எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. டேப் வெளியே தெரிந்தால் அது பரிசு இல்லை, கூரியர் என்பது அவள் கட்சி. புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, ஆளை விடுங்கக்கா என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த மேசையில் நின்று அவள் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் உண்டு. டிசம்பர் மாதம் கையில் பை பையாகத் தூக்கிக்கொண்டு பெண்கள் வருவார்கள். பொம்மை, சட்டை, பெல்ட், மாமியாருக்குப் போர்வை என்று ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, யார் யாருக்கு என்று கடகடவென்று ஒப்பிப்பார்கள். கடைசியில் ஒரு சாமான் பையின் அடியிலிருந்து தனியாக வரும். ஒரு கைப்பை, ஒரு சால்வை, சில சமயம் வெறும் கைக்குட்டை டப்பா. இதில் என்ன எழுதட்டும் என்று ரிப்பனக்கா கேட்பாள். அம்மாவுக்கு என்று எழுதச் சொல்வார்கள். கொடுப்பது யார் என்று கேட்டால், அந்தப் பெண்ணின் பார்வை ரிப்பன் சுருள்கள் பக்கம் போய்விடும்.

"பசங்களும் அவங்கப்பாவும்னு போட்டுருங்க."

ரிப்பனக்கா தலையை நிமிர்த்தாமல் எழுதிக் கொடுப்பாள். தங்களுக்குத் தாங்களே பரிசு வாங்கிக்கொள்ளும் அம்மாக்கள் ஊரில் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று முதல் வருடம் நினைத்தாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்கள் வாடிக்கையாளர்களைப் பற்றி வம்பளப்பார்கள். அவள் இதைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. நல்ல குணம் என்று சொல்லிவிடலாம். உண்மை என்னவென்றால், அவளும் அதே கூட்டத்தில் ஒருத்தி.

கிறிஸ்துமஸ் தானாக வருகிறது என்று நாள்காட்டி சொல்லும். ரிப்பனக்காவின் வீட்டில் அது ஒரு வருடம்கூடத் தானாக வந்ததில்லை. நவம்பர் பிறந்ததுமே அவள் காலில் சக்கரம் கட்டிக்கொள்வாள். பீரோ மேலிருந்து பிளாஸ்டிக் மரம் இறங்கும். அதற்கு ஒரு கால் உடைந்திருந்ததால் மரக்கட்டை முட்டுக்கொடுக்க வேண்டும். சீரியல் விளக்கில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் இருண்டுவிடும். எந்தப் பல்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பாள். கேக்குக்கு உலர்ந்த பழங்களை நறுக்கி ஊற வைப்பாள். மகள் தூங்கும்போது காலை நூலால் அளந்துகொண்டு போய்ச் செருப்பு வாங்குவாள். உறவினர்களுக்கெல்லாம் மூன்று பேர் பெயரிலும் வாழ்த்து அட்டை போகும். மூன்று பேரில் இரண்டு பேருக்கு அட்டை அனுப்பிய விஷயமே தெரியாது. யாராவது போன் செய்து நன்றி சொன்னால், பஸ் டிரைவரான அவள் புருஷன், "நானா?" என்று விழிப்பார்.

இவ்வளவும் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. மகள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால், "உள்ள வராத, போய் உக்காரு" என்று விரட்டிவிடுவாள். இருப்பது ஒரே மகள். அவளுக்கு எல்லாம் அதிசயமாகத் தோன்ற வேண்டும், பாடுபட்டது தெரியக் கூடாது என்பது அவள் ஆசை. அந்த ஆசை நன்றாகவே நிறைவேறியது. அவ்வளவு நன்றாக நிறைவேறியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

தனக்குத்தானே பரிசு வாங்கும் பழக்கம் மகளால் வந்தது. மகளுக்கு ஐந்து வயதானபோது மரத்தடியில் இருந்த பரிசுகளை அவளே எடுத்துக் கொடுத்தாள். அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அப்புறம் மரத்தடியில் தவழ்ந்துபோய்த் தேடினாள். வெளியே வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது. அம்மாவுக்கு எங்கே என்று கேட்டாள். அம்மாவுக்கு எதுக்குடி என்று சிரித்துச் சமாளித்துப் பார்த்தும் பிள்ளை கேட்கவில்லை. தன் பரிசையும் பிரிக்க மாட்டேன் என்று உட்கார்ந்து அழுதது. அடுத்த வருடம் ரிப்பனக்கா தனக்கு ஒரு குடை வாங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில் அதைத் தன் மேசையிலேயே சுற்றி, "அம்மாவுக்கு, அப்பாவும் மகளும்" என்று அட்டையில் எழுதினாள். வீட்டில் அதைப் பிரித்தபோது நெஞ்சில் கை வைத்து, எனக்கா என்று கேட்டு, எதுக்கு இந்தச் செலவு என்று ஒரு அதட்டலும் போட்டாள். மகள் கைதட்டிக் குதித்தாள்.

அதற்குப் பிறகு வருடா வருடம் நடந்தது. ஃபிளாஸ்க், செருப்பு, டிபன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம், இஸ்திரிப் பெட்டி. தனக்கென்று வாங்கியதில்கூட முக்கால்வாசி வீட்டுக்குத்தான் உழைத்தது. இஸ்திரிப் பெட்டி அவள் துணியைத் தொட்ட நாள் ரொம்பக் குறைவு.

புருஷன் நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சத்தமில்லாமல் போட்டுக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் காலையிலும் நாற்காலியில் சாய்ந்து காபியைக் குடித்துக்கொண்டு, அவள் பரிசைப் பிரிப்பதைப் பார்த்து, "நல்லா இருக்கா?" என்று கேட்பார். அவள் நல்லா இருக்கு என்பாள். உள்ளே வயிறு எரியும். கடைவாசல் பக்கமே போகாத மனுஷன், அட்டையில் தன் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, தானே வாங்கி வந்த மாதிரி ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்விக்காக அவள் அவரை இருபத்து மூன்று வருடம் மன்னிக்கவில்லை. வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் அவர் டிப்போவில், வண்டியை நிறுத்திவிட்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கேட்க இனி ஆளும் இல்லை.

அவர் போன பிறகு தனக்கு வாங்குவதை நிறுத்திவிட்டாள். மற்ற வேலை எதையும் நிறுத்தவில்லை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்த மகள், காலையில் தன் வீட்டில் பரிசுகளைப் பிரித்து முடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு அம்மா வீட்டுக்கு வருவாள். அந்த ஒரு மத்தியானத்துக்காக ரிப்பனக்கா பழையபடி ஏறக்குறைய இரண்டு மாதம் ஓடினாள். மூன்று வருடம் அப்படிப் போனது.

இந்த வருடம் நவம்பரிலேயே மகள் போன் செய்தாள். கிறிஸ்துமஸ் இனிமேல் தங்கள் வீட்டில்தான் என்றாள். அம்மா காலையிலேயே வந்துவிட வேண்டும், ஒரு துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது, இத்தனை வருடம் உழைத்தது போதும் என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். ரிப்பனக்காவும் சந்தோஷமாகத்தான் சரி என்றாள். போனை வைத்த பிறகுதான் கைகால் ஓடவில்லை.

அந்த டிசம்பர் மாதிரி ஒரு டிசம்பரை அவள் பார்த்ததில்லை. பகல் முழுவதும் கடையில் ஊரார் வீட்டு கிறிஸ்துமஸுக்குத் தாள் சுற்றினாள். கை நிறையப் பைகளோடு, தலைகால் புரியாமல் ஓடிவந்து, சீக்கிரம்க்கா சீக்கிரம்க்கா என்று பறக்கிற பெண்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். வீட்டுக்கு வந்தால் ஒரு தம்ளர், ஒரு தட்டு. ஒருநாள் சும்மா இருக்க முடியாமல் ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்து மாட்டினாள். பார்ப்பதற்கு ஈ காக்கை இல்லை. இன்னொரு நாள் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த மரத்தின் மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினாள். மூன்று பேருக்கும் பரிசு வாங்கிச் சுற்றும் வேலை ஒரே சாப்பாட்டு இடைவேளையில் முடிந்துவிட்டது. மிச்ச மாதம் அப்படியே கிடந்தது. தனியாக இருப்பது நாலு வருடமாகப் பழகியிருந்தது. தேவைப்படாமல் இருப்பது பழகவில்லை. இந்த வேலைகள் எதுவும் கையில் இல்லாவிட்டால் மகள் வீட்டில் தான் யார், சாப்பிட வந்த விருந்தாளியா என்ற நினைப்பு அவளை அரித்தது. அதை யாரிடம் சொல்ல முடியும். சும்மா உட்காரச் சொன்னால் குத்துகிறதாம் என்று சிரிப்பார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று காலை முதல் பஸ் பிடித்துப் போனாள். மகள் வீடு நாலாவது மாடியில். மாப்பிள்ளை ஏசி மெக்கானிக். விடுமுறை நாள் என்றாலும் பாதி நேரம் போனில் யாராவது ஏதாவது மிஷின் ஓடவில்லை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாங்க அத்தை என்று எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டார். ஆறு வயதுப் பேத்தி காலைக் கட்டிக்கொண்டாள். மூலையில் மரம் ஜொலித்தது. ஜன்னலில் காகித நட்சத்திரம் தொங்கியது. சமையலறைக் கதவு மூடியிருந்தது. உள்ளேயிருந்து கேக் வாசனை வந்தது.

ரிப்பனக்கா நேராகப் போய்க் கதவைத் தள்ளினாள். மகள் அடுப்பில் ஒரு கையும் பாத்திரத் தொட்டியில் ஒரு கையுமாக நின்றிருந்தாள். நெற்றியில் மாவு. திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"உள்ள வராதம்மா. போய் உக்காரு."

கதவு மூடிக்கொண்டது. ரிப்பனக்காவுக்குச் சுருக்கென்றது, ஆனாலும் போய் சோபாவில் உட்கார்ந்தாள்.

சொல்லப்போனால் வெட்கம், அந்த சோபா சுகமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை தொலைக்காட்சியில் ஏதோ போட்டார். கதவு திறந்து காபி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து பிஸ்கட் வந்தது. அப்புறம் கேக் வந்தது, தட்டு காலியானதும் இன்னொரு துண்டு வந்தது. பேத்தி படம் வரைந்து காட்டினாள். விளக்குச் சரத்தில் ஒரு பல்புகூட அணையவில்லை. கிறிஸ்துமஸ் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது; அவள் ஒருநாளும் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில், கதவுக்குப் பின்னால் நிற்பவள் ஒரு வாய் காபி குடித்தாளா என்று அவளும் நினைக்கவில்லை, மாப்பிள்ளையும் நினைக்கவில்லை.

இந்த வருடம் அம்மா வரும்வரை பரிசுகளைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். பேத்திதான் எடுத்துக் கொடுத்தாள். ரிப்பனக்கா கொண்டுவந்தது மூன்று. அவளுக்கு மகள் வீட்டிலிருந்து ஒரு கம்பளிச் சால்வை. மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம். பேத்திக்கு மூன்று நாலு பெட்டிகள். தாள் கிழிகிற சத்தம் காதை அடைத்தது. கடைசியாகப் பேத்தி ஒரு நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இது அம்மாவுக்கு, நானும் அப்பாவும் என்று அட்டையைப் படித்தாள்.

மகள் கை நீட்டி வாங்குவதற்குள், பெட்டி ரிப்பனக்காவின் மடி வழியாகப் போனது. தொழில் புத்தி, கை தானாகப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தது. டேப் வெளியே இல்லை. ஓரம் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே மடிந்து, அடி விளிம்பில் கச்சிதமாக விழுந்திருந்தது. அந்த மடிப்பை அவள் யாருக்கும் கற்றுக்கொடுத்து முடித்ததில்லை. சுற்றுமுற்றும் கிடந்த தாள்களைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கடிகாரத்தைச் சுற்றியிருந்த தாளும் அதே மடிப்பு, பேத்தியின் பெட்டிகளும் அதே மடிப்பு. எல்லாவற்றையும் ஒரே கை சுற்றியிருக்கிறது. பெண்டாட்டிக்குப் பரிசு வாங்கி வருகிற எந்தப் புருஷனும் அதை அவளிடமே கொடுத்துச் சுற்றித் தரச் சொல்வதில்லை.

மகள் பிரித்தாள். உள்ளே ஒரு கைப்பை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எனக்கா என்றாள். எதுக்கு இந்தச் செலவு என்று மாப்பிள்ளையைப் பார்த்து அதட்டினாள். பேத்தி கைதட்டிக் குதித்தாள். மாப்பிள்ளை புன்னகையோடு, "நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

கடையில் எத்தனையோ பெண்களுக்கு ரிப்பனக்கா தலை நிமிராமல் எழுதிக் கொடுத்திருக்கிறாள். இங்கே தலை நிமிர்ந்து முழுவதையும் பார்த்துவிட்டாள். பார்த்தது தன் மகளை.

மகள் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் ரிப்பனக்காவும் பின்னாலேயே போனாள். போய் உட்காரு என்று மகள் சொல்ல வாயெடுப்பதற்குள் கதவைத் தானே சாத்தினாள்.

"அந்தப் பையை நீயே வாங்கிக்கிட்டியா?"

மகள் குழாயைத் திறந்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிடும்னு நினைச்சேன்" என்றாள். "மடிப்ப மாத்தலாம்னு பாத்தேன். கை வரல."

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள் அம்மா. நீதான் என்றாள் மகள். சின்ன வயதில் தாளைக் கிழிக்க மனசு வராதாம். மடிப்பு மடிப்பாகப் பிரித்து, திரும்ப அதே மாதிரி மடித்துப் பார்ப்பாளாம். பதினோரு வயதில், தன்னுடைய பெட்டி, அப்பாவுடைய பெட்டி, அம்மாவுடைய பெட்டி மூன்றிலும் ஒரே மடிப்பு என்பது புலப்பட்டதாம்.

பதினோரு வயதிலிருந்து கல்யாணமாகும்வரை, ஒவ்வொரு வருடமும், நெஞ்சில் கை வைத்து ரிப்பனக்கா நடித்ததை மகள் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அத்தனை வருடம் மருகியது வீண். பார்த்தவளும் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ வாங்கறத நிறுத்திடுவே. வருஷத்துல நீ உனக்குன்னு வாங்கறது அது ஒண்ணுதான். அதையும் நான் கெடுக்கணுமா?"

இஸ்திரிப் பெட்டியையா என்று கேட்க நினைத்தாள் அம்மா. மகளின் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். மகள் தடுக்கவில்லை. உங்கப்பாவுக்குத்தான் கடைசி வரைக்கும் உறைக்கவே இல்லை என்று ரிப்பனக்கா மெதுவாகச் சொன்னாள். வருடா வருடம் நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று தானே வாங்கின மாதிரி கேட்பார் என்றாள்.

மகள் குழாயை மூடினாள்.

"அப்பா அப்படிக் கேக்கலம்மா. சின்னப் பிள்ளையா இருக்கும்போதிருந்தே உண்டியல் காசு சேத்து நான்தான் வாங்கறேன்னு அவரு நினைச்சிட்டிருந்தாரு. ஒரு தடவ என்னைத் தனியாக் கூப்பிட்டு, எம்பேரையும் போட்டு அம்மாவுக்கு எவ்வளவு நல்லதா வாங்கிட்டு வர்றே நீன்னு சொல்லித் தலையத் தடவினாரு. நீ நல்லா இருக்குன்னு சொன்னா எனக்கு சந்தோஷமா இருக்கும்னுதான் கேப்பாரு."

ரிப்பனக்கா துடைத்த தட்டையே திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள். இருபத்து மூன்று காலை. ஒரு காலையில், ஒரே ஒரு தடவை, இதை யார் வாங்கினது தெரியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தால் போதும். அவர் பதறிப்போய் அன்றைக்கே கடைக்கு ஓடியிருப்பார். கண்டதையும் வாங்கி வந்திருப்பார். அவள் கேட்கவில்லை. கேட்காமலேயே தீர்ப்பு எழுதி, ஒன்றும் அறியாத மனிதரோடு கடைசி வரை குடும்பம் நடத்திவிட்டாள். அழுகை வந்தது. மகள் பார்க்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் மகள் சொன்னாள்: "அவருகிட்ட எதுவும் சொல்லிடாதம்மா. நல்லவருதான். பாப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படும். நான் பாத்துக்கறேன்."

சரி என்றாள் அம்மா. வேறு என்ன சொல்ல முடியும். வாயைத் திறக்காமல் இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

சாப்பாடு முடிந்து நாலு மணிக்குக் கிளம்பினாள். மாப்பிள்ளை பஸ் நிறுத்தம் வரை துணைக்கு வந்தார். விடுமுறைத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அவர் ஏதோ ஒரு ஆபீஸில் ஏசியிலிருந்து தண்ணீர் கொட்டிய கதையைச் சொல்லிக்கொண்டு நடந்தார். ரிப்பனக்கா உம் கொட்டினாள். மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுத்தது. வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மகள் அடுத்த வருடமும் ஒரு பையோ குடையோ வாங்கிச் சுற்றிக்கொள்வாள். நல்லா இருக்கா என்று இந்த நல்ல மனிதர் கேட்பார். அவள் நல்லா இருக்கு என்பாள். இன்னும் இருபது வருடம் கழித்து மன்னிக்க ஆள் இல்லாமல் நிற்பாள். நிறுத்தத்துக்கு வந்ததும் ரிப்பனக்கா அவர் கதையை நடுவில் வெட்டினாள்.

"மாப்பிள்ளை, அந்தக் கைப்பையை வாங்கினது யாரு?"

அவர் முகத்தில் குழப்பம்.

"நீங்கதானே அத்தை?"

"நானா?"

"வருஷா வருஷம் நீங்கதானே எங்க பேரப் போட்டுக் குடுத்து விடறீங்க? வீட்டுப் பரிசு எல்லாமே உங்க கைதான்னு பாத்தாலே தெரியுமே. டேப்பே தெரியாம அப்படி யாரு சுத்துவா? அத்தைக்குத் தெரிஞ்ச அளவு நமக்கு எங்க தெரியும்னு நானும் விட்டுட்டேன்."

அவள் அந்த ஆளை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம். அவளுக்கு உண்மையைக் காட்டிக் கொடுத்த அதே மடிப்பு, அவர் கண்ணை மட்டும் ஏழு வருடமாகக் கட்டியிருக்கிறது.

"நான் இல்ல" என்றாள். "அவளே வாங்கி, அவளே சுத்தி, அவளே பிரிக்கறா. நானும் அப்படித்தான் பண்ணிட்டிருந்தேன். சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னா. நான் சொல்லிட்டேன்."

வீடு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார் மாப்பிள்ளை. காது மடல் சிவந்துவிட்டது. பிறகு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார், அவளுக்கு என்ன பிடிக்கும் அத்தை, நாளைக்குக் கடை திறந்ததும் போய் வாங்கிவிடுகிறேன் என்று.

சொல்ல வாயெடுத்தாள். மகளின் செருப்பு அளவு தெரியும், ரவிக்கை அளவு தெரியும், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது தெரியும். என்ன பிடிக்கும் என்பது தெரியவில்லை. கேட்டால் எதுவானாலும் சரிம்மா என்பாள். அதைக் கேட்டே பழகிவிட்டது.

"தெரியல மாப்பிள்ளை. வாங்கறதுக்கு முன்னாடி அவகிட்டயே கேளுங்க. எதுவானாலும் சரின்னு சொல்லுவா. விடாதீங்க."

பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளை அவள் பையை மேலே தூக்கி வைத்தார். அவள் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் வெளியேயிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும் அத்தை?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதுவானாலும் சரி என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லக் கூடாது என்று இப்போதுதான் அவருக்குப் பாடம் எடுத்திருந்தாள். வண்டி நகர்ந்தது. யோசிச்சுப் போன்ல சொல்லுங்க என்று அவர் கூடவே நாலடி ஓடிவந்து சொன்னார்.

பஸ்ஸில் அவளைத் தவிர மூன்றே பேர். யோசித்தாள். மிக்சி ஜாடியில் விரிசல் விட்டிருந்தது ஞாபகம் வந்தது, அது வீட்டுக்கு. பேத்திக்கு மழைக்கோட்டு சின்னதாகிவிட்டது. மகள் அந்தச் சமையலறையில் நின்றுகொண்டே இருக்கிறாள், ஒரு ஸ்டூல் இருந்தால் தேவலை. அதெல்லாம் இல்லை, எனக்கு, எனக்கு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மறுபடி யோசித்தாள். அவளுடைய ஐம்பத்தெட்டு வயதில் ஒருத்தர் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார், கேட்டவரைக் காத்திருக்க வைப்பது மரியாதை இல்லை. தன் நிறுத்தத்தில் இறங்கி, நாலு வீடு தாண்டி, பூட்டைத் திறந்து உள்ளே போனாள். காலில் இருந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனின் நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தாள். மாப்பிள்ளையின் எண்ணைத் தொட்டால் போதும். திரை அணைந்தது, மறுபடி உயிர்ப்பித்தாள், மறுபடி அணைந்தது. சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை.